மாலூர் வரைக்கும் உட்கார்ந்து எழுதியது

தன் நாவலுக்கு நுரையீரல் நோய் இருக்கிறது என்பது மமதாவுக்கு ஒரு வியாழக்கிழமை காலை, தங்க வயலிலிருந்து பெங்களூர் போகும் மாரிகுப்பம் வண்டியில் வைத்துத்தான் தெரிந்தது. கண்டுபிடித்தவர் டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியர் ராஜேந்திரன். சென்னை பேரிருள் பதிப்பகம் அச்சுக்குப் போகும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய பிரதியில் அவருடைய முன்னுரை மட்டும் முப்பத்தெட்டுப் பக்கம். பதினோராவது பக்கத்தில் நோய் வருகிறது. கோபால் அண்ணன் மமதாவின் போனைப் பிடுங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"'இந்நாவலின் அத்தியாயம் எதுவும் ஐந்து பக்கங்களைத் தாண்டுவதில்லை. ஒவ்வொன்றும் பாதி வாக்கியத்தில் மூச்சு முட்டி அறுந்து விழுகிறது. இது தூசு அடைத்த சுரங்க நுரையீரலின் மொழி. ஒரு தொழிலாளியின் மகள் தன் தந்தையின் இருமலையே கதை வடிவமாக்கியிருக்கிறாள்.' இன்னா மமதா, உங்கப்பா எப்பம்மா இருமினாரு?"

"தாளிக்கும்போது இருமியிருப்பாரு" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மாலா. பெட்டி சிரித்தது.

மமதாவின் அப்பா சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்கியவர் இல்லை. கனரகத் தொழிற்சாலை கேன்டீனில் முப்பத்தோரு வருஷம் சாம்பார் மாஸ்டராக இருந்து, மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனவர். இப்போதும் மைசூர் மைன்ஸ் பகுதியில் தன் வீட்டு வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரை வீதிக் கோடிவரை கேட்கும் குரலில் விசாரிக்கிறவர்.

அத்தியாயம் ஐந்து பக்கத்தில் அறுந்துபோனதற்குக் காரணம் மாலூர்.

எஞ்சினிலிருந்து நாலாவது பெட்டியில் கதவை ஒட்டிய சீட்டுகள் அவர்களுடையவை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினாறு வருஷமாக யாரும் எதிர்த்துக் கேட்கவுமில்லை. எதிரெதிராக மும்மூன்று, மொத்தம் ஆறு பேர் உட்காரலாம். கூட்டாளிகள் பன்னிரண்டு பேர். ஆகவே முதலில் ஏறுகிற ஆறு பேர் மாலூர் வரைக்கும் உட்காருவார்கள். மாலூர் பிளாட்பாரம் கண்ணில் பட்டதும் அவர்கள் எழுந்துகொள்ள, அதுவரை கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஆறு பேர் உட்காருவார்கள். இதற்கு ஷிப்ட் என்று பெயர். சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஷிப்ட் மட்டும் தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய்வந்துகொண்டிருந்தது. காய்ச்சலுக்கும் கர்ப்பத்துக்கும் விலக்கு உண்டு. இலக்கியத்துக்குக் கிடையாது.

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பழைய ஃபைல் அறையில் மமதாவுக்கு வேலை. வீட்டில் எழுத நேரமில்லை, ஆஸ்பத்திரியில் எழுத அனுமதியில்லை. ஆறு வருஷம், ரூல் போட்ட நீள நோட்டை மடியில் வைத்து, மாரிகுப்பத்திலிருந்து மாலூர் வரைக்கும் எழுதினாள். மாலூரில் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுதியதைச் சொல்லிக்காட்டுவாள். பதினோரு பேரும் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். அவள் கதையில் எதிரெதிர் சீட்டில் போகும் இரண்டு குடும்பங்கள், டிபன் கேரியர் மாறிப்போனதில் ஆரம்பித்து ஆறு வருஷம் பகை வளர்க்கின்றன. "தப்பா எடுத்துகினு போன கேரியரைக் கழுவாமயே திருப்பிக் குடுத்தான்னு போடு, அப்பதான் ஜனத்துக்குக் கோவம் வரும்" என்று சொன்னது கோபால் அண்ணன். அவர் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். யாருக்கு எதனால் கோபம் வரும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். கதாநாயகி அழக் கூடாது, ஆபீஸுக்கு லேட்டாகிவிடும் என்று தடுத்தது மாலா. ஒருமுறை, பெரிய சண்டை நடக்கும் அத்தியாயத்தில், இன்னும் அஞ்சே நிமிஷம் என்று மமதா கெஞ்சினாள். அவள் சீட்டுக்கு இரண்டாம் ஷிப்ட் லூயிசா அக்கா. "சண்டையை நாளைக்குப் போடு. எனக்குக் கால் வலிக்குது, எழுந்திரு" என்றாள். சண்டை பாதி வாக்கியத்தில் நின்றது. மறுநாள் படித்துப் பார்த்தால் அப்படி நின்றதே நன்றாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள். அந்த இடத்துக்குத்தான் பேராசிரியர் 'சுரங்கப் பிளவின் மௌனம்' என்று தலைப்புக் கொடுத்து ஆறு பக்கம் எழுதியிருந்தார்.

புத்தகமாகும் வழியும் லேசாக இருக்கவில்லை. முதல் பதிப்பாளர் பதிலே போடவில்லை. இரண்டாமவர் எட்டு மாதம் கழித்து, கவிதைத் தொகுப்புகளை இப்போதைக்கு வெளியிடுவதில்லை என்று எழுதினார். மூன்றாமவர், எத்தனை பேர் உங்களைப் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டார். வண்டியில் பதினோரு பேர் என்று மமதா உண்மையைச் சொன்னாள். நாலாவதாகப் பேரிருள் இன்பராஜ், ஊர்ப் பெயரைப் பார்த்த அன்றே போன் போட்டார்.

"தோழர், தங்க வயலா? அங்கேயே பிறந்தவரா? அப்பா சுரங்கமா?"

"இல்ல சார், கேன்டீன்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "பரவாயில்லை. அவருக்கு உடம்புக்கு ஏதாவது... மூச்சுக் கோளாறு மாதிரி?"

"மூலம் இருந்துச்சு சார். ஆபரேஷன் பண்ணிச் சரியாப்போச்சு."

"அதைப் போட முடியாது" என்றார் இன்பராஜ், மிகுந்த வருத்தத்தோடு.

ஆனாலும் புத்தகம் போட ஒப்புக்கொண்டார். 'எதிர் சீட்டு' என்று அவள் வைத்த தலைப்பு 'தூசுக் கருவறை' ஆனது. நாவலில் சுரங்கம் என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. ஒரு இடத்தில் பஸ் ஸ்டாப்பாக. மமதா அதற்கும் சரி என்றாள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். கடைசியில் ஒரு நன்றிப் பக்கம். 'மாலூர் வரைக்கும் உட்காரவிட்டவர்களுக்கும், மாலூரில் எழுப்பிவிட்டவர்களுக்கும்' என்று போட்டு, கீழே பதினோரு பெயர். வண்டியில் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். கோபால் அண்ணன் ஆம்பூர் சம்பந்தி வீடுவரை சொல்லிவிட்டார். லூயிசா அக்கா கோவிலில் பாதருக்கே சொல்லியிருந்தாள்.

அச்சுப் பிரதியைக் கோபால் அண்ணன் இப்போது கடைசிப் பக்கம் வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே போனார். மறுபடி மேலே வந்தார். மறுபடி கீழே போனார். வண்டி தேவனகுந்தியைத் தாண்டியது.

"நம்ம பேரு காணமே மமதா" என்றார். இந்த முறை மெதுவான குரலில்.

நன்றிப் பக்கம் இருந்த இடத்தில் ஆசிரியர் குறிப்பு இருந்தது. 'ஸ்கெலட்டன் பகுதியின் இடிந்த தொழிலாளர் குடியிருப்பில், தந்தை விட்டுச்சென்ற சுரங்க விளக்கின் ஒளியில், தனிமையில் எழுதுகிறார்.'

"விட்டுச்சென்றாரா?" என்றாள் மாலா. "காத்தால கூட எனக்கு டாட்டா காட்டினாரே."

ஒயிட்ஃபீல்ட் வருவதற்குள் மமதா இன்பராஜைக் கூப்பிட்டுவிட்டாள். நின்றுகொண்டு, ஒரு கை கம்பியில். முதலில் அவர் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை, பிறகு கேட்டது.

"தோழர், பேராசிரியர் நுரையீரல் என்கிறார். நீங்கள் பின்பக்கத்தில் சீட்டு மாறியதால் என்கிறீர்கள். இரண்டும் ஒரே அட்டைக்குள் எப்படி இருக்கும்? அவருடைய தரிசனம் என்ன ஆவது?"

"உண்மை இன்னா ஆவறது சார்?"

"அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம். ஒப்பந்தம் கையெழுத்து, அப்படியே புகைப்படம். நேரில் பேசிக்கொள்ளலாம். ஸ்கெலட்டனில் ஒரு வீடு மட்டும் பார்த்து வையுங்கள்."

ஸ்கெலட்டனில் வீடு லூயிசா அக்காவுடையது. "நம்ம வூட்ல எடுக்கட்டும்" என்று அவளே முன்வந்தாள். நன்றிப் பக்கம் போனால் போகிறது, வீடாவது புத்தகத்தில் வரட்டும் என்று நினைத்திருக்கலாம். சனிக்கிழமை லீவு போட்டுச் சுவரை வெள்ளையடித்தாள், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

ஞாயிறு மத்தியானம் இன்பராஜும் பேராசிரியரும், பவன் என்ற போட்டோக்காரரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கோபால் அண்ணன் வாசலிலேயே மாலை போட்டு வரவேற்றார். பேராசிரியர் மாலையோடு உள்ளே நுழைந்து, சுற்றிலும் பார்த்து, ஏமாந்த குழந்தைபோல நின்றுவிட்டார்.

"இடிபாடு எங்கே?" என்றார்.

"போன மாசம்தான் கூரை ஷீட்டு மாத்தினோம் சார்" என்றாள் லூயிசா அக்கா பெருமையாக.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. முதலில் திரை போனது. அப்புறம் டி.வி. போனது. ஃபேனைக் கழற்றினார்கள், சுரங்கக் குடியிருப்பில் காற்று வரக் கூடாது என்பது பேராசிரியரின் கருத்து. ஃப்ரிட்ஜைப் பவனும் ஆட்டோக்காரரும் தூக்கித் தெருவில் வைத்தார்கள். அதற்குள் இருந்த வஞ்சிரம் மீன் குழம்பு, விருந்தாளிகளுக்காகச் செய்தது, வெயிலில் போய் நின்றது. வெள்ளையடித்த சுவரில் பவன் ஈரத் துணியில் அடுப்புக்கரியைத் தொட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு சாமான் வெளியே போகும்போதும் லூயிசா அக்கா, ஏதோ பிரசவத்துக்கு உதவுகிற மாதிரி, "மெதுவா, மெதுவா" என்றாள். கடைசியில் அவளையும் வெளியே போகச் சொன்னார்கள். கழுத்தில் செயின் மின்னுகிறதாம்.

தரையில் ஒரு பாயில் மமதாவை உட்காரவைத்தார்கள். கையில் ஒரு பழைய விளக்கு. அது சென்னையில் ஒரு சினிமா சாமான் கடையில் வாடகைக்கு எடுத்தது. மடியில் காகிதம். அவள் எழுதிய நீள நோட்டு வேண்டாம் என்றார்கள். அதன் அட்டையில் ஒரு டியூஷன் சென்டர் விளம்பரம் இருந்தது.

"ஒரு சின்ன வீடியோவும் எடுத்துவிடலாம்" என்றார் இன்பராஜ். "எழுதுகிறீர்கள். நிறுத்துகிறீர்கள். யோசிக்கிறீர்கள்."

"நான் யோசிக்கறதுக்கு எப்பவும் நிக்கணும் சார்."

"இங்கே உட்கார்ந்து யோசியுங்கள்."

பேராசிரியர் குனிந்து, மிகவும் தயவாகச் சொன்னார்: "அம்மா, எழுதும்போது லேசாக இருமினால் நன்றாக இருக்கும். அத்தியாயம் முடிகிற இடத்தில்."

மமதா விளக்கைக் கீழே வைத்தாள். வியாழக்கிழமையிலிருந்து சேர்த்துவைத்த கோபத்தை அங்கேயே கொட்டிவிடப் போனாள். ஆனால் அவள் வாயைத் திறக்குமுன் வாசலிலிருந்து லூயிசா அக்காவின் குரல் கேட்டது. சத்தம் போடாமல், சாதாரணமாக.

"இருமல் வேணும்னா எங்க வூட்டுக்காரரை உக்கார வெச்சிருக்கலாம் சார். இந்தப் பாய்ல படுத்துகினு ராவெல்லாம் இருமுவாரு. பக்கத்து வூட்டுக்காரங்க செவுத்தைத் தட்டுவாங்க. அவரு போயி பன்னெண்டு வருஷம் ஆவுது. லேட்டா வந்துட்டீங்க."

பவன் கேமராவை இறக்கினார். கோபால் அண்ணன் தரையைப் பார்த்தார். பேராசிரியர் மட்டும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"'பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள்'" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "பிரமாதமான வரி. முன்னுரையில் சேர்த்துவிடலாம். பெயர் தேவையில்லை, ஒரு மூதாட்டி என்று போட்டால் போதும்."

லூயிசா அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று.

"அந்த நோட்டை மூடுங்க சார்" என்றாள் மமதா.

"அம்மா, நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்."

"ஆமா, படறேன். என் நாவலு ஏன் அஞ்சு பக்கத்துல நிக்குதுன்னு கேளுங்க. மாலூர் வந்தா நான் எழுந்திரிக்கணும். அந்தாண்ட நிக்கறாங்களே, அவங்க உக்காரணும். அவ்ளோதான். அதுல நுரையீரலும் கெடையாது, கருவறையும் கெடையாது. சுரங்கத்துல நுரையீரல் போனவரு அவங்க வூட்டுக்காரரு. அவரைப் பத்தி நான் எழுதல. எழுத எனக்குத் தெரியல, அதனால எழுதல. எழுதாததை எழுதினேன்னு நீங்க போடறீங்க. எழுத வெச்சவங்க பேரைத் தூக்கிட்டீங்க."

பேராசிரியர் புன்னகை செய்தார். வகுப்பறையில் நாற்பது வருஷம் பழக்கிய புன்னகை. "ஒரு பிரதி எதனால் அப்படி இருக்கிறது என்பது எழுதியவருக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் ஆசிரியர் இறந்துவிடுகிறார்."

"அப்புறம் செத்தவள இன்னாத்துக்கு சார் போட்டோ எடுக்கறீங்க?"

பவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமரா பையைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

இன்பராஜ் ஒப்பந்தத்தை எடுத்துப் பாயில் வைத்தார். அவர் குரலில் இப்போது தோழமை இல்லை, அலுவலகம் இருந்தது. "புதன்கிழமை அச்சு. புத்தகக் கண்காட்சிக்குப் போக வேண்டும். பேராசிரியர் முன்னுரை இருந்தால்தான் நாலு பேர் கையில் எடுப்பார்கள், விருதுக்குப் போகும். நன்றிப் பக்கம் வேண்டுமென்றால் முன்னுரை இல்லை. முன்னுரை இல்லையென்றால் புத்தகம் இல்லை. ஆறு வருஷ உழைப்பு. யோசித்துக்கொள்ளுங்கள்."

மமதா கோபால் அண்ணனைப் பார்த்தாள். அவர் அருகில் வந்து உட்கார்ந்து, காதோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "போடும்மா கையெழுத்து. எங்க பேரு இல்லாட்டி இன்னா? எங்களுக்குத் தெரியும் இல்ல, கேரியர் கழுவாதது நான் சொன்னதுன்னு. சம்பந்தி கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன். புக்கு வரட்டும் முதல்ல."

"ஆமா மமதா" என்றாள் வாசலிலிருந்து லூயிசா அக்கா. "நம்மளால நின்னுபோவக் கூடாது."

அவர்கள் திட்டியிருந்தால் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஆறு வருஷம் ஒரு வரியைக்கூடச் சும்மா விடாதவர்கள், உள்ளதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டு, ஒருத்தி தன் வீட்டுக்கு வெளியிலும் ஒருத்தர் வெறுந்தரையிலுமாக, அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, மடிப்புக் கலையாமல் இன்பராஜின் கையில் கொடுத்தாள்.

"ஃப்ரிட்ஜை உள்ள வைங்க" என்றாள்.

"என்னது?"

"வெளிய எடுத்து வெச்சது நீங்கதானே? உள்ள வைங்க. டி.வி., திரை, ஃபேன், எல்லாம். அப்புறம் கெளம்புங்க."

"வேறு யார் உங்களைப் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?"

"தெரியல சார். அஞ்சாவதா ஒருத்தர் இருப்பாரு. அவருக்கு அனுப்பறேன். அவரும் எங்கப்பாவுக்கு இன்னா நோவுன்னு கேட்டா ஆறாவது ஆளப் பாக்கறேன்."

ஆட்டோக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. கோபால் அண்ணன் எழப் போனார். மமதா அவர் தோளில் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தாள். தெருவில் அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது. பேராசிரியர் ராஜேந்திரன், கழுத்தில் மாலையோடு, ஃப்ரிட்ஜின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தார். மறுபக்கம் பவன். மூன்றாவது அடியில் பேராசிரியருக்கு மூச்சு வாங்கியது. ஆறாவது அடியில் நிஜமாகவே இருமினார்.

"மெதுவா சார், மெதுவா" என்றாள் லூயிசா அக்கா. "உள்ள குழம்பு கீது."

இன்பராஜ் திரையைக் கம்பியில் மாட்டினார், தலைகீழாக. மாலூர் எங்கே இருக்கிறது என்று பவன் கோபால் அண்ணனிடம் மெல்ல விசாரித்தார். ஆட்டோ வந்ததும், பதிப்பகம் ஏறி உட்கார்ந்து, ஓட்டுநர் பக்கம் கையை நீட்டிப் போகச் சொன்னது. வாடகை விளக்கு பாயிலேயே கிடந்தது. மமதா ஓடிப்போய் அதையும் உள்ளே நீட்டினாள்.

திரும்பி வந்தபோது கோபால் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "பைத்தியம்மா நீ. வர்ற புக்கைத் தொரத்திட்டியே" என்றார். திட்டத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. ஆம்பூர் சம்பந்திக்கு இனி எந்த முகத்தோடு போன் பண்ணுவது, விருது கிடைத்திருந்தால் வண்டியையே அலங்காரம் பண்ணியிருக்கலாம், மனுஷனுக்குக் கொஞ்சமாவது நிதானம் வேண்டாமா என்று நீண்டுகொண்டே போனது. மமதாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. கூடவே கோபமும் குறையாமல் இருந்தது, அதனால் எது முதலில் வரும் என்று தெரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஆறு வருஷம். ஐந்தாவது ஆள் யார் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

லூயிசா அக்கா கட்டிலின்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். கையில் ஃபேன், வாயில் ஸ்குரூ. வாயை அசைக்காமல் ஏதோ கத்தினாள். ஸ்டூல் ஆடியது.

"வரேன் அக்கா, வரேன்" என்று மமதா ஓடிப்போய் ஸ்டூலின் கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.